இரண்டு குறிகளுக்கு நடுவே ஒரு வளைவு: வால்நட் க்ரீக் விபத்தும் வீட்டுத் தோட்டத்துக் குழியும்

2004 நவம்பர் 9, பிற்பகல் ஒரு மணி தாண்டியிருந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே உள்ள வால்நட் க்ரீக் நகரில், பெரிய குடிநீர்க் குழாய் ஒன்றைப் பதிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பொக்லைன் இயந்திரம் பள்ளம் வெட்டிக்கொண்டே போக, ஏற்கெனவே இறக்கிய குழாய்களை வெல்டர்கள் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயே மண்ணுக்கடியில் இன்னொரு குழாயும் இருந்தது. 10 அங்குல விட்டம், எஃகு, உள்ளே உயர் அழுத்தத்தில் பெட்ரோல். கின்டர் மோர்கன் நிறுவனத்துக்குச் சொந்தமானது. இயந்திரத்தின் வாளி அந்தக் குழாயில் இடித்து ஓட்டை போட்டது. பீய்ச்சியடித்த பெட்ரோல் சில நொடிகளில் வெல்டிங் நெருப்பில் பற்றிக்கொண்டது. 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். 4 பேர் காயமடைந்தார்கள்.

மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் தோண்டி மாட்டிக்கொண்ட சம்பவங்கள் எத்தனையோ உண்டு. அவற்றைக் கிளறிப் பார்ப்பதில் பெரிய பயனில்லை. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, அவ்வளவுதான். வால்நட் க்ரீக் அந்த வகை அல்ல. அங்கே பெட்ரோல் குழாய் ஓடுகிறது என்பது தெரிந்த விஷயம். அதன் பாதைக்குத் தரையில் குறி போட்டிருந்தார்கள். ஆனால் விபத்து நடந்த இடத்தில் குழாய் நேராகப் போகவில்லை, ஒதுங்கி வளைந்து போனது. அந்த வளைவுக்கு மட்டும் குறி இல்லை. குறிகளை வைத்துப் பார்த்தவர்களுக்குக் குழாய் நேராகப் போவதாகத்தான் தெரிந்தது.

வீட்டுத் தோட்டத்தில் வேலிக்கல் நட, மரம் வைக்க, சின்னக் குளம் வெட்ட நினைப்பவருக்கு இந்தச் சம்பவம் ஏன் தேவை? அளவு வேறு, ஆபத்து வேறு என்பது உண்மை. ஆனால் தவறு நுழையும் வழி ஒன்றேதான். தரையில் நிறக்கோடு விழுந்ததும் மனம் அதையே குழாய் என்று எடுத்துக்கொள்கிறது. கோடு இல்லாத இடம் காலியிடம் என்றும் எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது முடிவுதான் அதிகம் கெடுக்கிறது.

குறி எப்படி விழுகிறது

உலோகக் குழாயையும் கேபிளையும் தோண்டாமல் தேட, பெரும்பாலும் பயன்படுவது மின்காந்தக் கருவி. அதற்கு இரண்டு பாகங்கள். ஒன்று சிக்னலைச் செலுத்துவது. மற்றது கையில் பிடித்துக்கொண்டு நடப்பது. செலுத்தும் பாகம் குழாயில் மாறுமின்னோட்டத்தை ஏற்றும். மின்னோட்டம் ஓடும் எதையும் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். கையில் இருக்கும் பாகம் அந்தப் புலத்தை உணர்ந்து, குழாய்க்கு நேர் மேலே வரும்போது உச்ச அளவைக் காட்டும். அந்த இடத்தில் பெயின்ட் அடிப்பார்கள், அல்லது சின்னக் கொடி நடுவார்கள்.

ஆக, கருவி குழாயைப் பார்ப்பதில்லை. குழாயைச் சுற்றிய புலத்தைத்தான் அளக்கிறது. பக்கத்தில் வேறொரு குழாயோ கம்பிவேலியோ இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் தரையோ இருந்தால் புலம் ஒரு பக்கமாக இழுபடும். உச்ச அளவும் கூடவே நகரும். கை தேர்ந்தவர்கள் இதைச் சோதிக்க இரண்டு விதமாக அளப்பார்கள்: உச்ச அளவு எங்கே வருகிறது, அடுத்து, கருவியை வேறு முறைக்கு மாற்றி, அளவு சுழியமாக இறங்குவது எங்கே. நல்ல சூழலில் இரண்டும் ஒரே இடத்தில் விழும். விலகி விழுந்தால் புலம் சிதைந்திருக்கிறது, அந்தக் குறியை நம்பக் கூடாது. உங்கள் தோட்டத்தில் ஒருவர் குறி போடும்போது இப்படி இரண்டு முறை பார்க்கிறாரா என்று கவனியுங்கள். கேட்டாலும் தவறில்லை. தொழில் தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சிக்னலை ஏற்றும் முறையிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. குழாயின் வெளியே தெரியும் உலோகப் பகுதியில் ஒயரை நேரடியாக மாட்டி ஏற்றுவது சிறந்தது. கேபிளைச் சுற்றி வளையம் மாட்டி ஏற்றுவது அடுத்தது. தரையில் பெட்டியை வைத்துத் தூண்டலால் ஏற்றுவது சுலபம், ஆனால் அப்போது சிக்னல் அருகில் உள்ள எல்லா உலோகத்திலும் ஏறிக்கொள்ளும். எது எதன் புலம் என்று பிரிப்பது கஷ்டம். அதிர்வெண்ணும் முக்கியம். குறைந்த அதிர்வெண் சிக்னல் தான் ஏறிய குழாயிலேயே வெகுதூரம் போகும். கூடிய அதிர்வெண் மோசமான இணைப்பையும் தாண்டும், ஆனால் பக்கத்துக் குழாய்க்கும் சுலபமாகத் தாவிவிடும்.

இப்போது வளைவுக்கு வருவோம். கையில் உள்ள கருவி, குழாயின் திசைக்கு ஏற்றபடி பிடித்தால்தான் ஒழுங்கான உச்சத்தைக் காட்டும். குழாய் திரும்பும் இடத்தில் நடப்பவர் திரும்பாமல் நேரே போனால் சிக்னல் தேயும். அங்கே நின்று, கடைசியாக நல்ல சிக்னல் கிடைத்த இடத்தைச் சுற்றி வட்டமாக நடந்து, அது எந்தப் பக்கம் போனது என்று பிடிக்க வேண்டும். அவசரத்தில் இருப்பவர் என்ன செய்வார்? பத்தடி தள்ளி மறுபடியும் ஒரு நல்ல சிக்னல் கிடைக்கும், அங்கே ஒரு குறி வைப்பார். நடுவில் இருந்த வளைவு வரைபடத்திலிருந்து மறைந்துபோகும். வால்நட் க்ரீக்கில் இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. வளைவுகள் பொதுவாகக் காணாமல் போகும் வழி இது. குழாய் எதற்கு வளைகிறது என்றால், பதித்த காலத்தில் வழியில் ஒரு மரமோ பாறையோ அடித்தளமோ நின்றிருக்கும். பிறகு மரம் போய்விடும். வளைவு மட்டும் காரணம் தெரியாமல் மண்ணுக்குள் கிடக்கும்.

வீட்டுத் தோட்டம் இந்த விஷயத்தில் சாலையைவிட மோசம். சாலையில் குழாய்கள் ஓரளவு ஒழுங்காக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். வீட்டுக்கு வரும் கிளைக் குழாயோ, பதித்தவரின் அன்றைய வசதிப்படி போகும். மீட்டரிலிருந்து தெருவுக்கு நேர்கோடு இழுத்துப் பார்த்து, "இதற்கு வெளியேதானே தோண்டுகிறேன்" என்று கடப்பாரையை எடுப்பவர் பலர். அந்த நேர்கோடு அவர் மனதில் மட்டுமே இருப்பது.

பிளாஸ்டிக் என்ற தலைவலி

இதுவரை சொன்னதெல்லாம் உலோகத்துக்கு. பிளாஸ்டிக் குழாயில் மின்னோட்டம் ஓடாது, அதனால் கருவிக்கு அது இல்லாத பொருள். இதற்காகத்தான் பிளாஸ்டிக் கேஸ் குழாயோடு சேர்த்து ஒரு செம்புக் கம்பியையும் புதைக்கிறார்கள்; சிக்னலை அந்தக் கம்பியில் ஏற்றித் தேடலாம். கம்பி எங்காவது அறுந்திருந்தால் சிக்னல் அதோடு நின்றுவிடும். குழாய் நிற்காது. கம்பி குழாயைவிட்டு விலகிக் கிடந்தால், நீங்கள் கண்டுபிடிப்பது கம்பி இருக்கும் இடத்தைத்தான். கம்பியே போடாத பழைய பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்களும் தோட்டத்தில் தண்ணீர் தெளிக்கப் போட்ட குழாய்களும் சுத்தமாகத் தெரியாது.

அதற்குத் தரையூடுருவும் ரேடார் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ரேடியோ அலையை மண்ணுக்குள் அனுப்பி, பொருள் மாறும் இடத்திலிருந்து திரும்பும் எதிரொலியைப் படமாக்கும். உலர்ந்த மணலில் அழகாக வேலை செய்யும். ஈரக் களிமண்ணில் அலை சீக்கிரமே அடங்கிப்போய், சில அடிக்குக் கீழே ஒன்றும் தெரியாது. தெரியும் வளைகோடு குழாயா, வேரா, கல்லா என்று படம் சொல்லாது. பார்ப்பவரின் அனுபவம்தான் சொல்ல வேண்டும். கழிவுநீர்க் குழாய் என்றால் வேறு வழி உண்டு: சிக்னல் விடும் சின்னக் குமிழ் ஒன்றை உள்ளே தள்ளிக்கொண்டே போய், மேலிருந்து பின்தொடரலாம். வளைந்த இரண்டு கம்பிகளைக் கையில் பிடித்து நடந்து கண்டுபிடிப்பதாகச் சொல்பவர்களும் வருவார்கள். பழைய வீடுகளில் குழாய் இருக்கக்கூடிய இடம் எது என்று அவர்களுக்கு அனுபவத்தில் ஓரளவு தெரிந்திருக்கும், அதனால் சிலசமயம் பலிக்கும். கம்பிக்கு அதில் பங்கில்லை.

யார் எதைக் குறிப்பார்கள்

அமெரிக்காவில் தோண்டுவதற்குச் சில வேலைநாட்கள் முன்பே 811 என்ற எண்ணை அழைக்க வேண்டும். 2007 மே மாதம் முதல் நாடு முழுவதற்கும் இதே எண். வீட்டுக்காரர் தன் தோட்டத்தில் குழி வெட்டினாலும் இதே வழிதான், கட்டணம் கிடையாது. நீங்கள் சொல்லும் இடத்தில் குழாயோ கேபிளோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். அவர்கள் ஆள் அனுப்பிக் குறி போடுவார்கள். எங்கே தோண்டப் போகிறீர்கள் என்பதை நீங்களே வெள்ளைப் பெயின்ட்டில் காட்டி வைத்தால் வேலை தெளிவாக நடக்கும். மின்சாரத்துக்குச் சிவப்பு, கேஸுக்கும் எண்ணெய்க்கும் மஞ்சள், தொலைபேசி, இணையக் கேபிளுக்கு ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை, மறுசுழற்சி நீருக்கு ஊதா. இளஞ்சிவப்பு என்றால் நில அளவைக்காரர்கள் வைத்த தற்காலிகக் குறி, அதைக் குழாய் என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

இதில் பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. நிறுவனங்கள் தங்களுக்குச் சொந்தமானதை மட்டுமே குறிப்பார்கள். அது பெரும்பாலும் மீட்டர் வரைதான். மீட்டரைத் தாண்டி நீங்களோ, உங்களுக்கு முன் அந்த வீட்டில் இருந்தவரோ போட்டது எதற்கும் குறி விழாது. பின்கட்டுக் கொட்டகைக்கு இழுத்த மின்கேபிள், நீச்சல்குளத்துச் சூடேற்றிக்குப் போகும் கேஸ் குழாய், தோட்ட விளக்கு ஒயர், செப்டிக் டேங்க் குழாய் எல்லாம் இந்தக் கணக்கு. ஆக எல்லா நிறுவனமும் வந்து குறி போட்டுப் போன பிறகும் தோட்டத்தில் ஆளைக் கொல்லக்கூடிய ஒரு மின்கேபிள் குறியில்லாமல் கிடக்கலாம். இதைத் தேடத் தனியாகக் காசு கொடுத்து ஆள் பிடிக்க வேண்டும். கருவியே இல்லாவிட்டாலும் கொஞ்சம் துப்பறியலாம்: மின்பெட்டியில் பெயர் எழுதாத சுவிட்சு எதற்கு, சுவரைத் துளைத்து மண்ணுக்குள் இறங்கும் குழாய் எங்கே வெளிவருகிறது, புல்தரையில் நீளவாக்கில் தாழ்ந்த பட்டை ஏன் இருக்கிறது.

இன்னொன்று, பொதுவாக ஆழத்தைக் குறிப்பதில்லை. கருவி ஒரு ஆழ அளவைக் காட்டும், ஆனால் புலம் சிதைந்திருந்தால் அந்த எண்ணும் பொய். குழாய் பதித்தபோது மூன்றடி ஆழம் இருந்திருக்கும். பிறகு யாரோ தோட்டத்தைச் சமப்படுத்த ஒன்றரை அடி மண்ணை வழித்தெடுத்திருப்பார்கள். "எல்லாம் ஆழத்தில் இருக்கும், நான் ஒரு அடிதானே தோண்டுகிறேன்" என்ற கணக்கு இங்கேதான் உடைகிறது.

கண்ணால் பார்க்கும் வரை

கலிபோர்னியா சட்டத்தில், குறிக்கப்பட்ட குழாயின் வெளிவிளிம்பிலிருந்து இருபுறமும் 24 அங்குலத்துக்குள் இயந்திரம் வைக்கும் முன், கைக்கருவியால் தோண்டிக் குழாயின் சரியான இடத்தைக் கண்டறிய வேண்டும். வேறு மாநிலங்களில் இது 18 அங்குலமாகவும் இருக்கும். இந்த விதி குறியைச் சந்தேகித்து எழுதப்பட்டது. குறி என்பது தோராயம், குழாயை நேரில் பார்த்த பிறகுதான் அது உறுதி என்பதே இதன் உள்ளர்த்தம். வால்நட் க்ரீக்குக்குப் பிறகு சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள்: உயர் அழுத்தக் குழாய் போன்றவை தோண்டும் இடத்துக்கு 10 அடிக்குள் இருந்தால், குழாய்க்காரரும் தோண்டுபவரும் களத்தில் நேரில் சந்தித்து, அதன் இடத்தை எப்படி உறுதிசெய்வது என்று பேசிக்கொள்ள வேண்டும். குழாய் நிறுவனம் 2007-இல் குற்ற வழக்கில் 1.5 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

ஆனாலும் 24 அங்குல விதி வளைவைப் பிடிக்காது, அந்த அகலத்துக்குள்ளேயே வளைவு அடங்கினால் ஒழிய. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் விதியைப் பின்பற்றியவர்களும் இங்கே வழுக்குகிறார்கள். ஒரு குறியருகே சோதனைக்குழி போட்டுக் குழாயைப் பார்த்துவிட்டால், பார்த்த இடத்தில் மட்டுமே அது உறுதி. பதினைந்து அடி தள்ளி அது எங்கே போகிறது என்பதற்கு அந்தக் குழி சாட்சியில்லை. பள்ளம் குழாயோடு இணையாக நீளமாகப் போகிறதென்றால் வழிநெடுக இடைவெளி விட்டுச் சோதனைக்குழி போட வேண்டும். கண்டுபிடித்த குழாய் எதிர்பார்த்த திசையில் போகவில்லை என்று தோன்றினால், அங்கிருந்து கையாலேயே தொடர வேண்டும்.

தோட்ட வேலைக்குச் சோதனைக்குழி பெரிய காரியமில்லை. கடப்பாரையை ஓங்கிக் குத்தாமல், உருண்ட முனையுள்ள மண்வெட்டியால், குறிக்குப் பக்கவாட்டிலிருந்து சரிவாக மண்ணை வழித்துக்கொண்டு போக வேண்டும். நேர் மேலிருந்து குத்தினால் குழாய் வெட்டுப்படும். மண்ணின் நிறமோ இறுக்கமோ மாறினால் நிதானிக்க வேண்டும். சுற்றிலும் களிமண் இருக்க நடுவில் திடீரென்று மணல் வந்தால், யாரோ குழாய்க்கு மெத்தையாகக் கொட்டியது அது. மஞ்சளாகவோ சிவப்பாகவோ பிளாஸ்டிக் நாடா தட்டுப்பட்டால் கீழே என்ன இருக்கிறதென்று அதிலேயே அச்சடித்திருக்கும். அழுத்தமாகத் தண்ணீர் பாய்ச்சி மண்ணைக் குழைத்து உறிஞ்சி எடுக்கும் வண்டிகளும் உண்டு. நீளமான வேலைக்கு அது சிறந்தது, ஒற்றைக் குழிக்கு வேண்டியதில்லை.

இடித்த பிறகு

எல்லாம் செய்தும் இடித்துவிடலாம். அப்போது என்ன செய்கிறோம் என்பது தனிக் கதை, அதற்கு வேறொரு சம்பவம் பொருத்தம். 1998 டிசம்பர் 11, மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் கிளவுட் நகரம். நடைபாதையில் கம்பத்துக்கு முட்டாக ஒரு நங்கூரத்தை மண்ணுக்குள் இறக்கிக்கொண்டிருந்தது கேபிள் பதிக்கும் குழு ஒன்று. காலை 10:50 மணியளவில் வெறும் 1 அங்குலப் பிளாஸ்டிக் கேஸ் குழாய் உடைந்தது. சுமார் 39 நிமிடங்கள் கழித்து வெடித்தது. 4 பேர் இறந்தார்கள், 6 கட்டடங்கள் அழிந்தன. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துச் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது: நிலத்தடித் தடையில் மோதுவது போன்ற வழக்கத்துக்கு மாறான நிலையில் என்ன செய்வது என்று கேபிள் பதித்த நிறுவனத்திடம் போதிய நடைமுறை இல்லை. உரியவர்களுக்குத் தகவல் சொல்லத் தாமதித்தது பாதிப்பைக் கூட்டியது. வீட்டுக் கேஸ் குழாய்களும் ஏறக்குறைய இந்த 1 அங்குல அளவுதான் இருக்கும். மண்ணுக்குள் ஏதோ கட்டியாக முட்டினால், அது கல்லாகத்தான் இருக்கும் என்று பலத்தைக் கூட்டிக் குத்துவது நம் எல்லோருக்கும் இயல்பு. நிறுத்த வேண்டிய கணம் அது.

கேஸ் சீறினால் அடைக்கப் பார்க்கக் கூடாது, மண் போட்டு மூடவும் கூடாது. மூடினால் கேஸ் மண்ணுக்கடியிலேயே ஊர்ந்து, கழிவுநீர்க் குழாய் வழியாகவோ சுவர் இடுக்கு வழியாகவோ வீட்டுக்குள் போய்ச் சேரும். மண்ணின் வழியே வரும்போது கேஸில் கலந்த வாடை வடிகட்டப்பட்டு நாற்றமே தெரியாமல் போவதும் உண்டு. சுவிட்சைத் தொடாமல், வீட்டில் இருப்பவர்களை வெளியேற்றி, காற்று வரும் திசையை நோக்கி விலகி, தள்ளிப் போன பிறகு போன் செய்ய வேண்டும். குழாய் உடையாமல் இழுபட்டாலும் இதே கதை. நீங்கள் இழுத்த இடம் நன்றாக இருக்கும், இருபதடி தள்ளி வீட்டுச் சுவரோரம் இணைப்பு கழன்றிருக்கும்.

இழுபடவுமில்லை, லேசாகக் கீறல் மட்டும் விழுந்தது என்றால்? பெல்ஜியத்தின் கிஸ்லங்கியான் என்ற இடத்தில் 2004 ஜூலை 30 அன்று உயர் அழுத்தக் கேஸ் குழாய் வெடித்து 24 பேர் இறந்தார்கள், 130-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அந்தக் குழாயில் முன்பு நடந்த மண்வேலையின்போது இயந்திரம் பட்டுக் காயம் ஏற்பட்டிருந்தது. தோட்டத்துக் குழாயில் அவ்வளவு அழுத்தம் இல்லை. ஆனாலும் பூச்சு உரிந்த இரும்புக் குழாய் அந்த இடத்தில் துருப்பிடிக்கும், சிராய்த்த மின்கேபிளில் ஈரம் இறங்கும். பழுது தெரியவரும்போது காரணம் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். கீறியவர் உடனே சொன்னால் குழாய்க்காரர் வந்து பார்த்துச் சரிசெய்து போவார்.

கடைசியாக, நடைமுறையில் ஒரு வேலை. சோதனைக்குழியில் குழாய் தென்பட்டதும், மூடுவதற்கு முன் அளவுநாடாவோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு மூலை, மீட்டர் போன்று இடம் மாறாத இரண்டு புள்ளிகளிலிருந்து தூரம், தரையிலிருந்து ஆழம், குழாய் போகும் திசை, தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். நீங்களே புதிதாக ஏதாவது புதைத்தால் கூடவே ஒரு செம்புக் கம்பியும் மேலே ஒரு நாடாவும் போடுங்கள். இந்தத் தாளை மின்பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தால், வீடு கைமாறினாலும் அது வீட்டோடு இருக்கும்.